உங்களுக்குத் தெரியுமா? – தீப்பற்றும் பனிக்கட்டி

● வெள்ளைவெளேரென்று ஒரு கட்டி. கையில் எடுத்தால் ஜில்லிடும். காதருகே கொண்டுபோனால் படபடவென்று பொரியும் சத்தம் கேட்கும். தீக்குச்சியைக் காட்டினால் பற்றிக்கொண்டு எரியும். எரிய எரிய அடியில் தண்ணீர் சொட்டும். இதுதான் மீத்தேன் ஹைட்ரேட். தண்ணீரும் எரிவாயுவும் சேர்ந்து உருவான படிகம். மீத்தேன் மட்டுமல்ல, ஈத்தேன், புரோப்பேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று பல வாயுக்கள் இப்படித் தண்ணீருடன் கைகோக்கும். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் வாயு ஹைட்ரேட்.

● ஒரு கன மீட்டர் மீத்தேன் ஹைட்ரேட்டை உருகவிட்டால் கிடைப்பது சுமார் 164 கன மீட்டர் எரிவாயு. மிச்சம் 0.8 கன மீட்டர் தண்ணீர். அழுத்தம் கொடுத்து சிலிண்டரில் அடைக்க நாம் பாடுபட்டுச் செய்யும் வேலையை, கடலடியில் தண்ணீர் தன்பாட்டுக்குச் செய்துவைத்திருக்கிறது.

● பார்ப்பதற்குத்தான் பனிக்கட்டி. குணம் வேறு. பனிக்கட்டி 0 டிகிரியில் உருகிவிடும். ஹைட்ரேட் அதற்கு மேலும் கட்டியாகவே இருக்கும், அழுத்தம் மட்டும் போதுமான அளவு இருந்தால். 0 டிகிரியில் மீத்தேன் ஹைட்ரேட் உருவாக வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 26 மடங்கு வேண்டும். 4 டிகிரியில் 40 மடங்கை நெருங்கும். 10 டிகிரியில் 70 மடங்கு. குழாய்களில் ஓடும் இயற்கை எரிவாயுவுக்கு இவையெல்லாம் சாதாரண அழுத்தங்கள். புரோப்பேனுக்கு 0 டிகிரியில் இரண்டு மடங்குகூடத் தேவையில்லை. அதனால்தான் மீத்தேனில் கொஞ்சம் புரோப்பேன் கலந்திருந்தாலே ஹைட்ரேட் மிகச் சுலபமாகக் கட்டிவிடுகிறது.

அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். தக்க அழுத்தத்தில் அதன் ஹைட்ரேட் 29 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். அதாவது, சென்னையின் மே மாத இரவிலும் உருகாத ‘பனிக்கட்டி’!

● உள்ளே என்ன நடக்கிறது? தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூண்டு கட்டுகின்றன. 20 மூலக்கூறுகள் சேர்ந்தால் பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட சின்னக் கூண்டு. 24 சேர்ந்தால் சற்றே பெரிய கூண்டு. சின்னது இரண்டு, பெரியது ஆறு என்ற கணக்கில் அடுக்கி 46 தண்ணீர் மூலக்கூறுகளில் ஓர் அலகு முடிகிறது. கூண்டுக்கு ஒன்று வீதம் உள்ளே மீத்தேன் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது என்பதுதான் விசேஷம். ஆனால் இது கிளிக்கூண்டு மாதிரி அல்ல. கிளி பறந்துபோனாலும் கூண்டு நிற்கும். இங்கே போதுமான அளவு வாயு உள்ளே இல்லாவிட்டால் கூண்டே இடிந்து தண்ணீராகிவிடும்.

● கூண்டில் குடியேற அளவு பொருந்த வேண்டும். ஹீலியமும் ஹைட்ரஜனும் மிகச் சிறியவை, நழுவிவிடும். ஹைட்ரஜனை மட்டும் கூண்டில் பூட்ட வளிமண்டலத்தைப் போல் 2,000 மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய மூலக்கூறுகளுக்கு வேறு சிக்கல்: துணைக்கு மீத்தேன் போன்ற சின்ன வாயு வந்தால்தான் கூண்டு நிலைக்கும். அப்படிப்பட்ட பெரிய விருந்தாளிகளுக்கான மூன்றாவது வகைக் கூண்டமைப்பு 1987 வரை யாருக்கும் தெரியாது. கனடாவில் ஜான் ரிப்மீஸ்டர் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

● முதன்முதலில் சிக்கியது மீத்தேன் அல்ல, குளோரின். லண்டனில் 1810-ல் ஹம்ஃப்ரி டேவி, குளோரின் கரைந்த நீர் உறைநிலைக்கு மேலேயே கெட்டியாவதைக் கவனித்தார். சுத்தமான குளோரின் அந்தக் குளிரில் உறைவதில்லை. சுத்தமான தண்ணீரும் உறைவதில்லை. இரண்டும் சேர்ந்தால் உறைகிறது. 1823-ல் அவருடைய உதவியாளர் மைக்கேல் ஃபாரடே அந்தப் படிகத்தில் எத்தனை பங்கு குளோரின், எத்தனை பங்கு தண்ணீர் என்று அளந்தார்.

அடுத்து நடந்தது சுவாரஸ்யம். டேவியின் யோசனைப்படி ஃபாரடே அந்தப் படிகத்தைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை உருக்கி மூடி, லேசாகச் சூடாக்கினார். உள்ளே எண்ணெய் போல மஞ்சள் துளிகள். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார் டேவியின் நண்பர் டாக்டர் பாரிஸ். குழாயைச் சரியாகக் கழுவாமல் சோதனை செய்கிறாயே என்று கேலி செய்துவிட்டுப் போனார். மறுநாள் ஃபாரடேயிடமிருந்து அவருக்கு ஒரு துண்டுச்சீட்டு: நேற்று நீங்கள் பார்த்த எண்ணெய், திரவ குளோரின்! வாயுக்களை அழுத்தத்தால் திரவமாக்கும் கலை வளர்ந்ததில் இந்த அழுக்குக் குழாய்க்கும் பங்குண்டு.

● மீத்தேன், ஈத்தேன் ஹைட்ரேட்களை 1888-ல் செய்துகாட்டியவர் பிரான்ஸின் பால் வில்லார்ட். காமா கதிர்களை 1900-ல் கண்டுபிடித்தவரும் இவரே.

● இத்தனைக்கும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் இது வெறும் ஆய்வுக்கூட வேடிக்கைதான். அமெரிக்காவில் நீண்ட எரிவாயுக் குழாய்கள் போடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. குளிர்காலத்தில் குழாய்கள் அடைத்துக்கொண்டன. உள்ளே தண்ணீர் உறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். கணக்கு இடித்தது: குழாயின் வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலே! இ. ஜி. ஹாமர்ஷ்மிட் என்ற வேதியியலாளர் 1934-ல் எழுதிய கட்டுரை முடிச்சை அவிழ்த்தது. அடைப்பது பனிக்கட்டி அல்ல, ஹைட்ரேட். அன்றிலிருந்து எண்ணெய்–எரிவாயுத் துறையில் இது தலைவலிப் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கிறது.

● ஹைட்ரேட் உருவாக வாயு வேண்டும், தண்ணீர் வேண்டும், அழுத்தம் வேண்டும், குளிர் வேண்டும். நான்கில் ஒன்றைப் பறித்தால் போதும். தடுக்கும் வித்தைகள் எல்லாமே இந்த நான்கைச் சுற்றித்தான். வாயுவைப் பறிக்க முடியாது, விற்பதே அதைத்தான். மற்ற மூன்றில் எதைப் பறிப்பது என்பதில்தான் பொறியாளர்களின் சண்டை.

● தண்ணீரைப் பறிப்பதே சிறந்தது என்பது என் கட்சி. கரைக்கு வந்த எரிவாயுவை டிரைஎத்திலீன் கிளைக்கால் என்ற பிசுபிசுப்பான திரவம் வழியே அனுப்புவார்கள். மேலிருந்து கிளைக்கால் வழிய, கீழிருந்து வாயு ஏற, ஈரத்தின் பெரும்பகுதியைக் கிளைக்கால் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கிளைக்காலைக் காய்ச்சித் தண்ணீரை விரட்டிவிட்டு மீண்டும் அதே வேலைக்கு அனுப்பலாம். காய்ந்த வாயுவில் ஹைட்ரேட்டுக்கு வழியே இல்லை. ஆனால் கடலுக்கடியில், கிணற்றுவாயிலிருந்து கரை வரை ஓடும் குழாயில் இந்த வசதி எங்கே? அங்கே தண்ணீரும் வாயுவும் சேர்ந்தேதான் வந்தாக வேண்டும்.

● குளிர், வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. உயர் அழுத்தத்தில் உள்ள எரிவாயுவை வால்வு வழியே சட்டென்று குறைந்த அழுத்தத்துக்கு விட்டால் வாயு தானே குளிர்ந்துவிடும். ஒரு வளிமண்டல அழுத்தம் குறைந்தால் சுமார் அரை டிகிரி. 60-லிருந்து 20-க்கு இறக்கினால் 20 டிகிரி காலி! நகரங்களுக்குக் குழாய் எரிவாயு வழங்கும் நிலையங்களில், அழுத்தத்தைக் குறைக்கும் முன் வாயுவைச் சூடேற்றும் ஏற்பாடு இருப்பது இதனால்தான்.

(வேகமாக கேஸ் இழுக்கும்போது ஓட்டல் சிலிண்டரின் வெளியே வெள்ளையாகப் படிகிறதே, அது ஹைட்ரேட் அல்ல. காற்றின் ஈரம் உறைந்த அசல் பனிதான்.)

● தண்ணீரை வெளியேற்ற முடியாவிட்டால், அதன் கவனத்தைத் திருப்பலாம். மெத்தனால் செய்வது அதுதான். தண்ணீர் மூலக்கூறுகளை மெத்தனால் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், கூண்டு கட்ட ஆள் கிடைப்பதில்லை. ஹைட்ரேட் உருவாக முன்பைவிட அதிகக் குளிர் தேவைப்படுகிறது. எவ்வளவு அதிகம் என்று சொல்ல ஹாமர்ஷ்மிட் ஓர் எளிய சூத்திரம் தந்தார். அதன்படி, தண்ணீர்–மெத்தனால் கலவையில் எடைக்கணக்கில் கால்வாசி மெத்தனால் இருந்தால் ஹைட்ரேட் உருவாகும் வெப்பநிலை 13 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். கையால் போடக்கூடிய அந்தக் கணக்கை இன்றைக்கும் களத்தில் அவசரத்துக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு.

கால்வாசி என்பது சிறிய அளவல்ல. கிணறு வயதாகித் தண்ணீர் அதிகம் கக்கத் தொடங்கினால், மெத்தனாலையும் லாரி லாரியாக ஊற்ற வேண்டும். போதாக்குறைக்கு அதில் ஒரு பகுதி ஆவியாகி எரிவாயுவோடு ஓடிவிடும். கச்சா எண்ணெயில் மெத்தனால் கலந்து வந்தால் சுத்திகரிப்பு ஆலைகள் முகம் சுளிக்கும், விலையைக் குறைக்கும். மெத்தனால் கொடிய நஞ்சு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான்.

● அதனால் பல இடங்களில் மோனோஎத்திலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டின் முக்கியப் பொருள். அதே எடைக்கு மெத்தனால் அளவு வேலை செய்யாது. ஆனால் எளிதில் ஆவியாகாது. போனது திரும்பி வரும். நார்வேயின் ஸ்னோவிட் எரிவாயு வயல் கரையிலிருந்து 143 கிலோமீட்டர் தொலைவில் கடலடியில் இருக்கிறது. மேலே மேடையும் இல்லை, கப்பலும் இல்லை. கரையிலிருந்து ஒரு குழாயில் கிளைக்கால் போகும், பெரிய குழாயில் எரிவாயுவோடு சேர்ந்து திரும்பி வரும், காய்ச்சிச் சுத்தப்படுத்தி மறுபடி அனுப்புவார்கள். நம் வங்கக் கடலில் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் கேஜி-டி6 வயலிலும் இதே முறைதான்.

காய்ச்சுவதில் ஒரு தொல்லை: நிலத்தடி நீரின் உப்பு கிளைக்காலில் சேர்ந்துகொண்டே போகும். அதைப் பிரிக்காவிட்டால் கொதிகலன் முழுக்க உப்பு.

● உப்பும் ஒரு தடுப்பான்தான்! கடல்நீரில் ஹைட்ரேட் உருவாவது நன்னீரைவிடச் சற்றுக் கடினம். ஆழ்கடலில் துளையிடும் சேற்றுக் கலவையில் உப்பை அள்ளிப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

● இனி, மீன் சொல்லிக்கொடுத்த வித்தை. உறைநிலைக்குக் கீழே உள்ள கடல்நீரில் சில மீன்கள் ரத்தம் உறையாமல் உலவுகின்றன. அண்டார்டிகா மீன்களில் இதற்கான புரதங்களை ஆர்தர் டிவ்ரீஸ் 1969-ல் கண்டறிந்தார். அந்தப் புரதம் ரத்தத்தின் உறைநிலையை மெத்தனால் போல ஒட்டுமொத்தமாக இறக்குவதில்லை. பிறக்கும் ஒவ்வொரு பனித்துகளின் மேலும் ஒட்டிக்கொண்டு, அதை வளரவிடாமல் செய்கிறது. மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும்.

ஹைட்ரேட்டுக்கும் இப்படிச் செய்தால் என்ன? 1990-களில் அமெரிக்காவின் கொலராடோ சுரங்கக் கல்லூரி உட்படப் பல ஆய்வுக்கூடங்கள் பாலிமர்களைச் சலித்துப் பார்த்தன. முதலில் சிக்கியவற்றில் ஒன்று பாலிவினைல்பைரோலிடோன். பெயர் மிரட்டினாலும் நமக்குப் பழக்கமான சரக்குதான்: காயத்துக்குத் தடவும் போவிடோன் அயோடினில் உள்ள போவிடோன் இதுவே. பிறகு அதன் உறவுக்கார பாலிவினைல்கேப்ரோலாக்டம் வந்து இதைவிட நன்றாக வேலை செய்தது. மெத்தனால் கால்வாசி, பாதி என்று கேட்கும் இடத்தில் இவை தண்ணீரின் எடையில் ஒரு சதவீதம் வாக்கில் போதும்.

சோதிக்கும் விதம் எளிமையானது, அழகானது. ஒரு குழாயில் தண்ணீர், மருந்து (அதாவது அந்தப் பாலிமர்), ஓர் எஃகுக் குண்டு. மேலே உயர் அழுத்தத்தில் வாயு. குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்துக் குழாயை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே இருப்பார்கள். குண்டு ‘டொக், டொக்’ என்று உருண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முட்டும். முட்டும் நேரத்தைக் கணினி குறித்துக்கொள்ளும். குண்டு தயங்கினால் ஹைட்ரேட் பிறந்துவிட்டது. நின்றேவிட்டால் அடைப்பு. எத்தனை மணி நேரம் கழித்து நின்றது என்பதுதான் மருந்தின் மதிப்பெண்.

மணி நேரம் என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. இந்த வகை மருந்து ஹைட்ரேட்டைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. குழாயில் வரும் தண்ணீர் கரை சேரும்வரை தாமதித்தால் வேலை முடிந்தது. குளிர் மிகக் கடுமையாக இருந்தாலோ, குழாய் நாள்கணக்கில் நின்றுவிட்டாலோ நம்ப முடியாது.

● வேறொரு மருந்து, ஹைட்ரேட் உருவாவதைக் கண்டுகொள்வதே இல்லை. உருவாகட்டும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் சரி என்று விட்டுவிடும். துகள்கள் கூழாகி எண்ணெயோடு ஓடிவிடும். ஓட எண்ணெய் வேண்டும். வெறும் எரிவாயுக் குழாய்க்கு இது உதவாது.

● ஒருமுறை ஹைட்ரேட்டாக இருந்து உருகிய தண்ணீர், மறுமுறை இன்னும் சீக்கிரம் ஹைட்ரேட்டாகிவிடும். தண்ணீருக்கு நினைவாற்றலா என்று கேட்காதீர்கள். உருகிய நீரில் மிகநுண்ணிய வாயுக் குமிழிகளோ கூண்டுத் துணுக்குகளோ மிஞ்சுவதுதான் காரணம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். நன்றாகச் சூடாக்கினால் அந்த ‘நினைவு’ போய்விடும்.

● குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபத்து குறைவு. பூமிக்குள்ளிருந்து வரும் எண்ணெயும் வாயுவும் சூடாகவே வரும். புயலுக்காகவோ பழுதுக்காகவோ நிறுத்தினால்தான் வினை. குழாய் கடலின் குளிருக்கு இறங்கும், தண்ணீர் பள்ளமான இடங்களில் தேங்கும். மீண்டும் திறந்து வாயுவை விட்டதும் அந்தத் தேக்கத்தைக் கலக்கிக்கொண்டு ஓடும். அடைப்பு அங்கேதான் விழும். நார்வேயில் 2000-ஆம் ஆண்டு முதல் சில கடலடிக் குழாய்களின் எஃகிலேயே மின்சாரம் பாய்ச்சி, நிறுத்தும்போதெல்லாம் சூடாக வைத்துக்கொள்கிறார்கள்.

● அடைத்துவிட்டதா? அவசரப்படக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைத் திறந்துவிட்டால், அடைப்பு குழாய்ச்சுவரை விட்டு விலகிய நொடியில் மறுபக்க அழுத்தம் அதைத் தள்ளும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் இரு பக்கமும் 50 வளிமண்டல அழுத்த வித்தியாசம் என்றால், கட்டியின் முதுகில் 16 டன் பாரம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை அது பாயும். வழியில் ஒரு வளைவு இருந்தால் வளைவே பிய்த்துக்கொண்டு போகும். தொழிலாளிகள் உயிரிழந்திருக்கிறார்கள்.

சரி, வெளியிலிருந்து சூடு வைத்தால்? அது இன்னும் வம்பு. கட்டியின் நடுப்பகுதி உருகி, 164 மடங்கு வாயு வெளிவர, இரு முனையும் அடைத்தே இருந்தால் குழாய் வெடிக்கும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே சீராக அழுத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பதே பாதுகாப்பு. நாள்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். ஹைட்ரேட்டை உருக்க, அதே எடைப் பனிக்கட்டியைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் வெப்பம் வேண்டும். வெப்பத்தைக் கடத்துவதிலோ அது பனிக்கட்டியின் கால்வாசிதான். அழுத்தத்தை ஒரேயடியாகக் குறைத்தாலும் தவறு: கட்டி குளிர்ந்து, உருகிய நீர் நிஜப் பனிக்கட்டியாக உறைந்து, பழைய அடைப்புக்குப் பதில் புது அடைப்பு.

● உலகமே டிவியில் பார்த்த ஹைட்ரேட் அடைப்பு ஒன்று உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் கிணறு கச்சா எண்ணெயைக் கக்கிக்கொண்டிருந்தது. மே முதல் வாரக் கடைசியில், ஏறக்குறைய 100 டன் எடையுள்ள இரும்புக் கூண்டு ஒன்றைக் கசிவின் மேல் கவிழ்த்து, உச்சியில் உள்ள துவாரம் வழியே எண்ணெயை மேலே உறிஞ்சத் திட்டமிட்டார்கள். கூண்டு கீழே போனது. கிணற்றிலிருந்து பீறிட்ட வாயு, அங்கிருந்த 4–5 டிகிரிக் கடல்நீரில் கலந்ததும் கூண்டின் உள்பக்கம் முழுவதும் ஹைட்ரேட் படிந்து துவாரத்தை அடைத்துவிட்டது. தண்ணீரைவிட லேசானது என்பதால் கூண்டை மேல்நோக்கித் தூக்கவும் தொடங்கியது. வேறு வழியின்றிக் கூண்டை நகர்த்தி ஓரமாக வைத்தார்கள். அடுத்து இறக்கிய மூடியில் மெத்தனால் செலுத்தும் குழாய்களையும் வெந்நீரையும் மறக்காமல் சேர்த்தார்கள். ஹைட்ரேட் அங்கே உருவாகும் என்பது பாடப்புத்தகச் சங்கதி. அவசரம் வந்தால் பாடப்புத்தகத்தை யார் திறக்கிறார்கள்?

● குழாயில் சில மணி நேரத்தில் நடப்பது கடலடியில் லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. நிலத்தடியில் இயற்கையாகவே ஹைட்ரேட் இருக்கும் என்று 1960-களில் சோவியத் விஞ்ஞானி யூரி மகோகன் சொன்னபோது பலர் நம்பவில்லை. இன்று துருவப் பகுதிகளின் உறைநிலத்திலும், உலகெங்கும் கண்டச் சரிவுகளின் கடலடியிலும் கண்டறிந்திருக்கிறார்கள். நம் வெப்பமண்டலக் கடலில் பல நூறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால்தான் அதற்கேற்ற குளிரும் அழுத்தமும் சேர்ந்து கிடைக்கும்.

● 2006-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் இந்தியக் கடல்களைத் துழாவியது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் உள்ள களிமண் அடுக்கு. அந்தமான் அருகே எரிமலைச் சாம்பல் படிவுகளுக்குள், கடல்தரைக்குக் கீழே ஏறக்குறைய 600 மீட்டர் ஆழம் வரை ஹைட்ரேட் நிலைத்திருக்கும் மண்டலம். 2015-ல் ஜப்பானின் சிக்யூ கப்பல் வந்து, எடுப்பதற்குத் தோதான மணல் அடுக்குகளிலும் ஹைட்ரேட் இருப்பதை உறுதிசெய்தது.

கப்பல் தளத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும். கடலடியிலிருந்து மண்ணை நீண்ட குழாயில் உருவி மேலே கொண்டுவந்ததும் ஹைட்ரேட் கரையத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு துண்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவைக் குழாயின் நீளத்துக்கும் ஓட்டுவார்கள். உருகும் ஹைட்ரேட் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுவதால், அந்த இடம் மட்டும் குளிர்ந்து படத்தில் தனியாகத் தெரியும். உடனே அந்தத் துண்டை வெட்டித் திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும்.

● சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் இதில் பங்குண்டு. ஆளில்லாமல் கடலடியில் மண் உருவும் கருவியை ஹைட்ரேட்டைத் தேடுவதற்காகவே உருவாக்கினார்கள். அவர்களுடைய ரோசப் 6000 என்ற ஆளில்லா ஊர்தி 2010-ல் 5,289 மீட்டர் ஆழம் தொட்டது.

● 2013 மார்ச்சில் ஜப்பான், நான்காய் கடற்பள்ளப் பகுதியில் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து முதன்முறையாக எரிவாயு எடுத்தது. ஆறு நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர். ஏழாம் நாள் ஓட்டம் இல்லை. கிணற்றுக்குள் மணல் புகுந்துவிட்டது. கட்டியாக இருந்த ஹைட்ரேட்தான் அந்த மணலைப் பிடித்துவைத்திருந்தது. அதை உருக்கினால் மணல் சும்மா இருக்குமா? சீனா 2017-ல் தென்சீனக் கடலில் 60 நாள் எடுத்தது, சுமார் 3 லட்சம் கன மீட்டர். 2020-ல் கிடைமட்டக் கிணறு போட்டு 30 நாளில் 8,61,400 கன மீட்டர்.

● மெக்சிகோ வளைகுடாவில் 1997-ல், 500 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் வெளியே துருத்திக்கொண்டிருந்த ஹைட்ரேட் மேட்டில் இளஞ்சிவப்புப் புழுக்கள் குழி தோண்டிக் குடியிருப்பதைச் சார்லஸ் ஃபிஷர் குழுவினர் பார்த்தார்கள். நீளம் சில சென்டிமீட்டர். ஹைட்ரேட்டின் மேல் வளரும் பாக்டீரியாவை அவை மேய்வதாகக் கருதுகிறார்கள்.

● உயிர்கள் தோன்றியது பற்றிய புகழ்பெற்ற 1953 சோதனையைச் செய்த ஸ்டான்லி மில்லர், 1969-ல் ஒரு கணிப்பு சொன்னார்: அண்டார்டிகாவின் ஆழமான பனியில் காற்றுக் குமிழிகள் இருக்காது, அழுத்தத்தில் காற்றே ஹைட்ரேட்டாகிப் பனிக்குள் ஒளிந்திருக்கும். அப்படியே ஆனது. ஆழத்திலிருந்து எடுத்த பனித்தண்டு முதலில் குமிழியே இல்லாமல் தெளிவாக இருக்கும். கிடங்கில் வைத்துக் காலம் போகப் போகக் குமிழிகள் எட்டிப்பார்க்கும். பழங்காலக் காற்றை ஆராய்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே தீர வேண்டும்.

● லைனஸ் பாலிங் 1961-ல் மயக்கமருந்து வேலை செய்வதே மூளையில் ஹைட்ரேட் போன்ற நுண்படிகங்கள் உருவாவதால்தான் என்றார். எதனுடனும் எளிதில் சேராத செனான் வாயு மயக்கம் தருகிறதே, ஹைட்ரேட்டும் ஆகிறதே என்பது அவர் தர்க்கம். கெட்டிக்காரத்தனமான யோசனை, நிற்கவில்லை.

● பெர்முடா முக்கோணத்தில் கப்பல்களை விழுங்குவது கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வெடித்துக் கிளம்பும் மீத்தேன் என்று யூடியூப் சொல்லும். நுரைத்த நீரில் மிதப்பு குறையும் என்பது உண்மை. அங்கே மனிதர் கப்பல் ஓட்டிய காலத்தில் அப்படியொரு வெடிப்பு நடந்ததற்குச் சான்றில்லை. கதையை விட்டுவிடலாம்.

● உயர் அழுத்தம் இல்லாமலும் ஹைட்ரேட் செய்யலாம். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான் எடையில் 19 பங்கும் தண்ணீர் 81 பங்கும் கலந்தால், சாதாரணக் காற்றழுத்தத்தில் 4 டிகிரி சொச்சத்திலேயே கெட்டியான ஹைட்ரேட். ஆய்வுக்கூட மாணவர்களுக்கு இதுதான் முதல் பாடம். வீட்டு ஃபிரிட்ஜில் முயல வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும், மூடிய இடத்தில் ஆவி தங்கும்.

● இத்தனை சோதனைகளுக்குப் பிறகும் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து எடுத்த எரிவாயுவை எந்த நாடும் இதுவரை வணிக அளவில் விற்கவில்லை. எரியும் பனிக்கட்டி கிடைத்துவிட்டது, இனி கேஸ் விலை பாதாளத்துக்கு இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், எத்தனை நாள் நிற்காமல் எடுத்தார்கள் என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.